அமுக்கினால் எங்கே போகும்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பரைத் தொட்டுப் பார்க்காத கை குறைவு. தமிழ்நாட்டின் ரப்பர் மரங்களில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் நிற்கிறது. அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரங்களில் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டக் கிளம்பிவிடுவார்கள். சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்த்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளை மெஷினுக்குள் கொடுத்து ஷீட் அடித்து, புகைப்புரையில் உலர்த்தினால் தேன் நிறத்தில் ஒரு விரிப்பு கிடைக்கும். அதை மடிக்கலாம், சுருட்டலாம், இழுத்தால் நீளும்.

இனி ஒரு பெரிய சாலைப் பாலத்தின் அடியில் நின்று தூணின் தலைப்பைப் பாருங்கள். தூணுக்கும் அதன்மேல் கிடக்கும் கான்கிரீட் கர்டருக்கும் நடுவில், பல பாலங்களில், கறுப்பாக ஒரு திண்டு தெரியும். ஒரு முழத்தை விடக் குறைவான அகலம், நான்கு விரல் கனம். பொறியாளர்கள் அதை பேரிங் என்பார்கள். நாம் தாங்குதிண்டு என்று வைத்துக்கொள்வோம். அது ரப்பரால் ஆனது. கர்டரின் எடை, சாலையின் எடை, மேலே ஓடும் லாரிகளின் எடை எல்லாம் அந்தத் திண்டு வழியாகத்தான் தூணுக்கு இறங்குகின்றன. ஒரு திண்டின் மேல் தொண்ணூறு டன் வருவது சாதாரணம்.

கையால் அழுத்தினாலே அமுங்கும் பொருள் தொண்ணூறு டன்னுக்கு அடியில் எப்படிச் சப்பையாகாமல் இருக்கிறது? ஏதோ விசேஷமான, கல் போன்ற ரப்பரைப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. திண்டுக்குள் இருக்கும் ரப்பரைக் கொஞ்சம் அறுத்தெடுத்துக் கையில் கொடுத்தால் அது லாரி டயர் ரப்பரைப் போலத்தான் இருக்கும். அந்த வலிமையில் பெரும்பங்கு பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான். ரப்பரில் தொடங்கினால் விஷயம் பளிச்சென்று புரியும் என்பதால் ரப்பரில் தொடங்குகிறேன். அங்கிருந்து செம்பு, இரும்பு, பிளாஸ்டிக் என்று போகலாம்.

ரப்பர் சுருங்குவதில்லை, விலகுகிறது

ஒரு ரப்பர் துண்டை மேலிருந்து அழுத்தும்போது அதன் உயரம் குறைகிறது. அதைப் பார்த்து ‘ரப்பர் சுருங்குகிறது’ என்கிறோம். உண்மையில் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. உயரத்தில் இழந்ததைப் பக்கவாட்டில் ஈடுகட்டிக்கொள்கிறது. மேலே குறைந்த அளவு அப்படியே இடுப்பில் பருத்து வெளியே வருகிறது.

பக்கவாட்டில் போக இடமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? கனத்த சுவருள்ள எஃகு உருளை ஒன்றில் ரப்பரை இடைவெளியின்றி நிரப்பி, அளவாகப் பொருந்தும் எஃகுத் தண்டால் மேலிருந்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்ற அழுத்தம் கொடுத்தாலும் ரப்பரின் கன அளவு இருநூறில் ஒரு பங்குதான் குறையும். நீரை அழுத்தினாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அதே அழுத்தத்தைச் சுவரில்லாமல், திறந்த வெளியில், ஒரு சாதாரண ரப்பர்க் கட்டை மேல் கொடுத்தால் அது பிதுங்கித் தட்டையாகிவிடும்.

இரண்டு இடத்திலும் ஒரே ரப்பர்தான். ஒன்றில் தப்பிக்க வழி இருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்தத்தின் கீழ் ஒரு பொருள் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதற்கு விடை சொல்லுமுன், விலகிப் போக அதற்கு எவ்வளவு வழி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

வாசல் எத்தனை, நெருக்கம் எத்தனை

ஒரு ரப்பர்ப் பலகையின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் எஃகுத் தகடுகளை ஒட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய முகத்தில் ரப்பர் நகர முடியாது. நான்கு பக்கங்கள் மட்டும் திறந்திருக்கின்றன. அழுத்தினால் அந்த நான்கு பக்கங்கள் வழியாகத்தான் அது புடைத்தாக வேண்டும்.

பலகை தடிமனாக இருந்தால் பக்கங்களும் உயரமாக இருக்கும். ரப்பர் சுலபமாகப் புடைக்கும். மெல்லியதாக இருந்தால் திறந்த பக்கம் ஒரு கீற்றளவுதான். நடுவில் இருக்கும் ரப்பர் வெளியேற வேண்டுமானால் விளிம்பு வரை உள்ள ரப்பர் முழுவதையும் தள்ளிக்கொண்டு வர வேண்டும். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தன்று ரதவீதியின் நடுவில் மாட்டிக்கொண்டவரின் நிலைதான் அதற்கும். ஓரத்தில் நிற்பவர் ஒரு சந்துக்குள் ஒதுங்கிவிடலாம். நடுவில் நிற்பவர் ஓர் அடி நகர வேண்டுமானால் ஓரம் வரை அத்தனை பேரும் நகர்ந்தாக வேண்டும். கூட்டத்தின் நெருக்கம் நடுவில்தான் அதிகம். மெல்லிய ரப்பர்ப் பலகையிலும் அப்படியே. அழுத்தம் நடுவில் உச்சத்தில் இருக்கும், விளிம்பில் ஒன்றுமில்லாமல் போய்விடும். நடுப்பகுதி ஏறக்குறைய அந்த எஃகு உருளைக்குள் அடைபட்ட ரப்பர் போல நடந்துகொள்கிறது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பரே அதற்குச் சுவராகிவிட்டது.

இதை ஓர் எண்ணில் சொல்லலாம். சுமை விழும் முகத்தின் பரப்பை, திறந்திருக்கும் பக்கங்களின் மொத்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது வடிவ எண். வடிவ எண் பெரிதாக இருந்தால் வழி குறைவு, விறைப்பு அதிகம். சிறிதாக இருந்தால் வழி தாராளம், திண்டு எளிதில் அமுங்கும். இதில் ரப்பரின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் நீள, அகல, கனம்தான்.

ஒரு திண்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் கனமுள்ள ரப்பர்ப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாலத் திண்டுகளில் போடுகிற வழக்கமான ரப்பர். அதன் மேல் 10 டன் வைக்கிறோம். இதை மூன்று விதமாகச் செய்து பார்க்கலாம்.

முதல் விதம்: மேலும் கீழும் நன்றாக கிரீஸ் தடவி, எஃகுத் தட்டுகளுக்கு நடுவில் வைக்கிறோம். முகங்கள் தடையின்றி வழுக்கிக்கொண்டு விரியும். பலகை முழுவதும் ஒரே சீராக அகலும். இப்படி வைத்தால் அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தாழும். ஆறில் ஒன்றரை என்றால் கால் பங்கு. பாலத்துக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது விதம்: கிரீஸ் வேண்டாம். மேலும் கீழும் எஃகுத் தகடுகளை ரப்பரோடு உறுதியாக ஒட்டிவிடுகிறோம். சுமை விழும் முகம் 900 சதுர சென்டிமீட்டர். திறந்த பக்கங்கள் நான்கும் சேர்ந்து 720 சதுர சென்டிமீட்டர். வடிவ எண் 1.25. இந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ஒன்று கூட்டினால் விறைப்பு எத்தனை மடங்கு கூடும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். இங்கே 4 மடங்குக்குச் சற்று மேல். 10 டன்னுக்குத் திண்டு தாழ்வது ஐந்தரை மில்லிமீட்டர் அளவு. (முதல் விதத்தில் ரப்பர் அமுங்க அமுங்க விறைத்துக்கொண்டதால், ஒன்றரை சென்டிமீட்டரை நேராக வகுத்தால் இந்த எண் வராது.)

மூன்றாவது விதம்தான் விஷயம். அதே 6 சென்டிமீட்டர் ரப்பரை 1.2 சென்டிமீட்டர் கனமுள்ள ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒன்று, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியபடி. ரப்பரின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இப்போது ஓர் அடுக்கின் திறந்த பக்கம் 144 சதுர சென்டிமீட்டர்தான். வடிவ எண் 6.25க்கு ஏறிவிட்டது. அதே பெருக்கலைச் செய்து பாருங்கள்: விறைப்பு 79 மடங்கு. 10 டன்னுக்கு இந்தத் திண்டு தாழ்வது 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தொண்ணூறு டன் ஏற்றினாலும் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

ஒன்றரை சென்டிமீட்டர், ஐந்தரை மில்லிமீட்டர், 0.3 மில்லிமீட்டர். மூன்றும் ஒரே கலவையில், ஒரே எடையில் செய்த ரப்பர். கலவையில் ஒரு சிட்டிகை கந்தகத்தைக்கூட மாற்றவில்லை.

அப்படியானால் எதற்கு ரப்பர், நேராக எஃகுக் கட்டையையே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். பாலம் அசைய வேண்டும். 40 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கர்டர், வெப்பநிலை 20 டிகிரி ஏறி இறங்கினால், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். அதற்கு வழிவிடாவிட்டால் தூணோ கர்டரோ வெடிக்கும். திண்டு இந்தப் பக்கவாட்டு அசைவுக்குச் சாய்ந்து கொடுக்கிறது. மேல் முகம் ஒரு சென்டிமீட்டர் நகர, நம் திண்டுக்கு ஒன்றரை டன் விசை இருந்தால் போதும். தகடு போட்டாலும் போடாவிட்டாலும் இந்த ஒன்றரை டன் மாறாது. பக்கவாட்டில் சாயும்போது ரப்பர் எங்கும் புடைத்து வெளியேற வேண்டியதில்லை. அதனால் நடுவில் உள்ள தகடுகள் அதற்குத் தடையே இல்லை. மேலிருந்து வரும் சுமைக்கு விறைப்பாகவும், பக்கவாட்டு அசைவுக்கு மென்மையாகவும் ஒரே பொருளை நடக்க வைக்க முடிந்திருக்கிறது. வடிவத்தால் மட்டும் இதைச் சாதித்தது பொறியியலின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

மெல்பர்னிலிருந்து லிங்கன் வரை

பாலத்துக்கு ரப்பர் வைக்கும் எண்ணம் பழையது. 1889ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு ரயில் மேம்பாலத்துக்கு அரை அங்குலக் கனத்தில் இயற்கை ரப்பர்ப் பட்டைகளை வைத்தார்கள். தகடுகள் இல்லாத வெறும் பட்டைகள். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, வெயிலும் காற்றும் பட்ட வெளி விளிம்பு மட்டும்தான் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கெட்டிருந்தது. உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. ரப்பர் கொஞ்ச நாளில் மக்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையுறையும் ரப்பர் பேண்டும் மக்குவது அவை மெல்லியவை என்பதால். அவற்றில் எல்லாமே விளிம்புதான்.

ரப்பருக்குள் எஃகை அடுக்கும் யோசனைக்கு 1954ல் காப்புரிமை கேட்டவர் முன்னழுத்தக் கான்கிரீட்டின் தந்தையாகக் கருதப்படும் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே. 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் கட்டிய பெல்ஹாம் பாலத்துக்கு இயற்கை ரப்பர்த் திண்டுகள் போட்டார்கள். நாம் மேலே பயன்படுத்திய பெருக்கல் கணக்கைச் சீர்ப்படுத்தியவர்கள் ஆலன் ஜென்ட், பீட்டர் லிண்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஒட்டிய ரப்பர்க் கட்டைகளை அழுத்திப் பார்த்து 1959ல் அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. அவர்கள் வேலை செய்த ஆய்வுக்கூடம் மலாயா ரப்பர் உற்பத்தியாளர்களின் நிதியில் நடந்தது. அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். லிங்கன் பாலத்தின் கதையில் அவர்கள் உழைப்பும் அடங்கியிருக்கிறது. எந்தப் பொறியியல் நூலும் அதைக் குறிப்பிடாவிட்டாலும் நாம் குறித்துக்கொள்வோம்.

இந்தியாவில் 1987ல் இந்திய சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட விதிநூல், திண்டுகளுக்கு குளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை விதித்தது. ஓசோனையும் வெயிலையும் அது கூடுதலாகத் தாங்கும் என்பது காரணம். குளோரோப்ரீனும் மரத்து ரப்பரும் வேதியியலில் வேறு வேறானவை. வடிவ எண்ணின் கணக்கு மட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

உயரமாக்கினால் என்ன?

வடிவ எண்ணைக் கூட்டிக்கொண்டே, அடுக்குகளையும் கூட்டிக்கொண்டே போகலாமா? போகலாம், ஓர் எல்லை வரை. திண்டு ஒல்லியாகி உயரமாகிவிட்டால் வேறு அபாயம் வருகிறது: ஒரு பக்கமாக நெளிந்து சரிந்துவிடும். ஒல்லியான எந்தத் தூணுக்கும் இந்தக் கதி உண்டு. 1729ல் டச்சு அறிஞர் முஷன்ப்ரூக் மரச் சட்டங்களை நிறுத்தி அழுத்திப் பார்த்து, நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகிறது என்று கண்டார். மரம் நசுங்கவில்லை, வளைந்தது. ஆய்லர் இதற்குக் கணித வடிவம் கொடுத்தது பிறகுதான்.

நிலநடுக்கத்திலிருந்து கட்டடங்களைக் காக்க அடியில் வைக்கும் ரப்பர்த் திண்டுகளில் அமுங்குவது, நெளிவது என்ற இரு அபாயங்களுக்கும் நடுவேதான் வடிவமைப்பாளர் நடக்க வேண்டும். 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் பூமி அதிர்ந்து பூஜ் நகரின் மாவட்ட மருத்துவமனை இடிந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது நியூசிலாந்துக்காரர்கள் உருவாக்கிய, நடுவில் ஈயம் செருகிய ரப்பர்த் திண்டுகளின் மேல் நிறுத்தினார்கள். தரை பல சென்டிமீட்டர் அசைந்தாலும் சாய்ந்து கொடுக்கும் அளவுக்கு ரப்பரின் மொத்த உயரம் வேண்டும். சாய்ந்த நிலையிலும் கட்டடத்தைச் சுமக்கும் அளவுக்கு அகலமும், மெல்லிய அடுக்குகளும் வேண்டும். எல்லாமே நீள, அகல, உயரத்தின் கணக்கு.

செம்பும் இரும்பும் பருக்கும்

இதெல்லாம் ரப்பருக்குத்தானே, உலோகம் கெட்டிப் பொருளாயிற்றே என்று தோன்றும். கெட்டிப் பொருளும் நசுங்கத் தொடங்கிவிட்டால் இதே விதிக்குள் வந்துவிடுகிறது. நிரந்தரமாக உருமாறும் உலோகத்தின் கன அளவும் மாறுவதில்லை. உயரம் குறைந்தால் பருமன் கூடித்தான் தீர வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் உலோகத்தின் வலிமையை அறிய அமுக்கச் சோதனை செய்வார்கள். சிறிய செம்பு உருளை ஒன்றைக் கடைந்தெடுத்து, அழுத்து இயந்திரத்தின் இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி அழுத்துவார்கள். சோதனை முடிந்து வெளியே எடுத்தால் அது உருளையாக இருக்காது, நடுவில் பருத்துப் பீப்பாயாகியிருக்கும். தட்டைத் தொடும் இரண்டு முகங்களையும் உராய்வு பிடித்துக்கொண்டது, அவை விரிய முடியவில்லை. நடுப்பகுதிக்குத் தடையில்லை, அது விரிந்தது. உருளையை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், மேல் முகத்திலிருந்தும் கீழ் முகத்திலிருந்தும் உள்நோக்கி ஒரு கூம்பு அளவுக்கு உலோகம் ஏறக்குறைய உருமாறாமல் கிடப்பது தெரியும். ரப்பருக்குப் பசை செய்த வேலையை இங்கே உராய்வு செய்திருக்கிறது.

உருளை குட்டையாக இருந்தால் மேல் கூம்பும் கீழ் கூம்பும் நெருங்கி ஒன்றையொன்று முட்டும். தடையில்லாத நடுப்பகுதியே மிஞ்சாது. இயந்திரம் கூடுதல் விசை கொடுத்தாக வேண்டும். காட்டும் எண்ணைப் பார்த்து ‘இந்தச் செம்பு வலிமையானது’ என்று எழுதிவிட்டால் அது தவறு. அந்த எண்ணில் ஒரு பகுதி செம்பினுடையது, மறுபகுதி தட்டின் உராய்வினுடையது.

இவை இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 1945ல் மாரிஸ் குக், லார்க் என்ற இருவர் எளிமையான ஒரு வழியைக் கையாண்டார்கள். ஜெர்மானிய அறிஞர் ஸாக்ஸ் முன்பே சொல்லியிருந்த யோசனை அது. ஒரே செம்பில், ஒரே விட்டத்தில், வெவ்வேறு உயரமுள்ள உருளைகளைச் செய்து ஒவ்வொன்றையும் அழுத்தினார்கள். குட்டையானது அதிக எண்ணைக் காட்டியது, நெட்டையானது குறைவாகக் காட்டியது. உயரம் கூடக் கூட எண் இறங்கிக்கொண்டே வரும் போக்கை வரைபடமாக வரைந்து, எல்லையற்ற உயரமுள்ள உருளை ஒன்று இருந்தால் என்ன காட்டும் என்று கோட்டை நீட்டிப் பார்த்தார்கள். அங்கே உராய்வின் பங்கு பூஜ்யம். மிஞ்சுவது செம்பின் சொந்த வலிமை. செய்ய முடியாத ஒரு சோதனையின் விடையை, செய்ய முடிந்த நாலைந்து சோதனைகளிலிருந்து பெற்றுவிட்டார்கள்.

தினசரி வேலைக்கு இவ்வளவு பாடு முடியாது. கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவுகிறார்கள், மெல்லிய டெஃப்லான் தாளை நடுவில் வைக்கிறார்கள். கூடவே உருளையின் உயரத்தை விட்டத்தைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே போனால் உராய்வு கெடுக்கும். மேலே போனால் முஷன்ப்ரூக் கண்ட நெளிவு கெடுக்கும்.

வீடு கட்டியவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். தளம் போடும் நாளில் கொத்தனார் கொஞ்சம் கான்கிரீட்டை 15 சென்டிமீட்டர் இரும்புப் பெட்டிகளில் நிரப்பி வைப்பார். 28 நாள் கழித்து அந்தக் கட்டிகளை உடைத்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் கனசதுரம். அமெரிக்காவில் 15 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளை. ஒரே கலவையை இரண்டிலும் ஊற்றினால் உருளை காட்டும் வலிமை கனசதுரம் காட்டுவதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். குட்டையான கட்டியை இயந்திரத்தின் தட்டுகள் பிடித்துக் காப்பாற்றுகின்றன. ஐரோப்பாவில் இந்தக் குழப்பமே வேண்டாமென்று கான்கிரீட்டின் பெயரிலேயே இரண்டு எண்களையும் எழுதிவிட்டார்கள்: சி 25/30 என்றால் உருளைக்கு 25, கனசதுரத்துக்கு 30.

பிளாஸ்டிக்கின் தனிப் பிரச்சினை

பிளாஸ்டிக்குக்கு அமெரிக்கத் தரநூல் சொல்லும் அளவு அரை அங்குலச் சதுரமும் ஓர் அங்குல உயரமும் உள்ள கட்டை, அல்லது அதே விகிதத்தில் உருளை. உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. காரணம் மேலே பார்த்ததுதான். ஆனால் பிளாஸ்டிக்கில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாலித்தீன் போன்றவை அழுத்தினால் உடைவதில்லை, பரந்துகொண்டே போகும். பரந்த பிறகு அது குட்டையான, அகலமான துண்டு. வடிவ எண் ஏறிவிட்டது, தாங்கும் விசையும் ஏறுகிறது. சோதனை நடக்க நடக்கத் துண்டின் வடிவமே மாறிவிடுவதால், எந்த இடத்தில் நிறுத்தி ‘இதுதான் வலிமை’ என்று எழுதுவது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழுத்தும் வேகத்தையும் சொல்ல வேண்டும், மெதுவாக அழுத்தினால் பிளாஸ்டிக் இன்னும் எளிதாக இடம் கொடுக்கும்.

தெர்மாகோல் மட்டும் இந்த வரிசையில் சேராது. அதை அழுத்தினால் பக்கவாட்டில் ஏறக்குறைய பருப்பதே இல்லை. அதன் உடலில் பெரும்பங்கு காற்று. அழுத்தினால் உள்ளேயே மடிந்துகொள்ள இடம் இருக்கிறது, வெளியே விலக வேண்டிய தேவை இல்லை. அதனால் குட்டையாக வெட்டினாலும் நெட்டையாக வெட்டினாலும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். வடிவத்தின் ஆட்டம் முழுவதும் பருப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டாம். ரப்பர் நுரை மெத்தையும் அப்படித்தான். திருவட்டாற்றுத் தோட்டத்துப் பாலை நுரைக்க வைத்து உறையச் செய்தால் தூங்கும் மெத்தை, வலுவேற்றி எஃகோடு அடுக்கினால் டன் கணக்கில் தாங்கும் திண்டு. முதலாவதில் ரப்பருக்கு உள்ளேயே போக்கிடம் இருக்கிறது. இரண்டாவதில் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

அச்சிட்ட எண்ணுக்குப் பின்னால்

ரப்பர் வாங்குபவருக்கு உற்பத்தியாளர் அமுக்க விறைப்புக்கு ஓர் எண்ணைக் கொடுப்பார். அது பெரும்பாலும் 29 மில்லிமீட்டர் விட்டமும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு சிறு வில்லையை அழுத்திப் பெற்றது. சர்வதேசத் தரநூல் அந்த வில்லையைச் சோதிக்க முகங்களுக்கு மசகு தடவும் முறை, முகங்களை உலோகத்தோடு ஒட்டும் முறை இரண்டையும் சொல்கிறது. இரண்டிலும் வேறு வேறு விடை வரும். எந்த முறை என்று எழுதாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மசகு தடவிய வில்லை ரப்பரின் குணத்தைச் சொல்லும். ஒட்டிய வில்லை அந்த அளவுள்ள வில்லையின் குணத்தைச் சொல்லும். பாலத் திண்டின் குணத்தை இரண்டுமே நேராகச் சொல்வதில்லை.

அதனால்தான் பாலத்துக்குப் போகும் திண்டுகளில் சிலவற்றை முழு அளவிலேயே இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்கிறார்கள். சுமை ஏற ஏறத் திண்டின் பக்கச் சுவரில் கிடைமட்டமாக வரிவரியாகப் புடைப்புகள் தோன்றும். ஒவ்வொரு வரியும் உள்ளே மறைந்திருக்கும் ஒரு ரப்பர் அடுக்கு. நம் திண்டில் ஐந்து வரிகள், ஐந்தும் ஒரே அளவில் வர வேண்டும். ஒரு வரி மட்டும் மற்றவற்றை விடப் பெரிதாகப் புடைத்தால் அந்த இடத்தில் தகடு இடம் மாறி அடுக்கு தடித்திருக்கிறது, அல்லது ரப்பர் தகட்டை விட்டு உரிந்திருக்கிறது. ஐந்து வரிகளுக்குப் பதில் நான்கு தெரிந்து, அதில் ஒன்று இரு மடங்கு பருமனாக இருந்தால் ஒரு தகட்டை வைக்கவே மறந்துவிட்டார்கள். திண்டை அறுக்காமல், உள்ளே இருப்பதை வெளியே பருக்கும் அளவை வைத்தே சோதனை செய்பவர் சொல்லிவிடுவார், அந்தத் திண்டு திரும்பிப் போகும்.